செவுரு பக்கம், தண்ணிப் பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் அளவு தப்பாது. தாராவியில் எங்கள் சந்தில் இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிலர் "அவளுக்கு வாய் ஜாஸ்தி" என்பார்கள். ஆனால் சோபா உறை கிழிந்தால் இரண்டு கூட்டமும் வந்து நிற்பது என் வாசலில்தான்.

நானும் என் வீட்டுக்காரரும் சீட் தைக்கிறவர்கள். ரிக்‌ஷா சீட், பைக் சீட், ஓட்டல் நாற்காலி, கிளினிக்கில் டாக்டர் நம்மைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்ப்பாரே அந்தக் கட்டில், எல்லாம் தைப்போம். ஒரே அறை, இரண்டு மெஷின். அளவெடுத்து வெட்டுவது நான், மெஷினில் உட்காருவது அவர். வருகிறவர்கள் என்னவோ நேராக அவரிடம் போய்த்தான் "பாய், நாப் லே லோ", அளவெடுங்கள் என்பார்கள். அவரும் கழுத்தில் டேப்போடு எழுந்து நிற்பார். டேப் அவர் கழுத்தில், அளவு என் கையில். பதினெட்டு வருடமாக இப்படித்தான். எனக்கு இதில் கோபம் உண்டு. ஆனால் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் எப்போது வெட்டுவது?

படகு வேலை எங்களைத் தேடி வந்ததற்கு ஒரு நாற்காலிதான் காரணம். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஓட்டலுக்கு உறை போட்டிருந்தோம். அங்கே டிபன் சாப்பிட வந்த ஒரு அம்மா, இட்லி வருவதற்குள் நாற்காலியின் ஓரத் தையலை விரலால் தடவிப் பார்த்து, பக்கத்து நாற்காலியைக் கவிழ்த்தும் பார்த்துவிட்டு, கல்லாவில் எங்கள் போன் நம்பரை வாங்கியிருக்கிறார். அவருக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. மீன் பிடிக்கிற படகு இல்லை, காற்று வாங்கப் போகிற படகு. அதற்கு முன்பே இரண்டு பேர் சீட் தைத்துக் கொடுத்து, இரண்டு முறையும் சரியாக உட்காரவில்லையாம். சோபா தைக்கிறவர்களுக்குப் படகு வராது என்று அவரிடம் யாரோ சொல்லியும் இருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கள் அளவு நூலிழை தப்பாது மேடம். உட்காரவில்லை என்றால் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறோம்" என்று ஹிந்தியில் அடித்துவிட்டார். போனை வைத்ததும் நான் கேட்டேன்.

"யாரு அளவு தப்பாது?"

"நம்ம அளவு."

"நம்ம அளவுன்னா யாரு அளவு?"

"ஏட்டி, காலங்காத்தால ஆரம்பிக்காத."

வாக்கைக் கொடுத்தது அவர். காப்பாற்ற வேண்டியது என் கத்தரி.

இங்கே எங்கள் வேலை முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெக்ஸினைப் பின்பக்கம் கோடு போட்டுத்தான் வெட்டுவோம். உள்வெளியாகத் தைத்து, பிறகு தலையணை உறையைப் புரட்டுவதுபோல் புரட்டுவோம். இந்தப் புரட்டலில் இடது வலதாகிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சோபாவுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்து வைத்தேன். அதன் பிறகு எங்கள் அறையில் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. சாமான் எங்கே கிடக்கிறதோ, அதைச் சுற்றி என்ன இருக்கிறதோ, அதையே எழுதிவிடுவோம். 'கதவு', 'ஜன்னல்', 'டிவி'. செம்பூரில் ஒரு வீட்டு சோபாவுக்கு 'மாமியார் ரூம்' என்றுகூட எழுதியிருக்கிறேன். பழைய செய்தித்தாளில் அளவாக வெட்டிய அச்சைத்தான் நாங்கள் ஃபர்மா என்போம். அதன் மேல் இப்படி எழுதிவைத்தால் பிறகு எத்தனை தடவை புரட்டினாலும் குழப்பமில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தப்பு வந்ததில்லை.

மழைக்காலத்தில் இந்த மாதிரிப் படகுகளைக் கரையேற்றி விடுவார்கள். சிவ்ரி பக்கம் ஒரு யார்டில் அம்மாவின் படகும் கட்டைகளின் மேல் நின்றது. ஒரு பக்கம் பாசி பிடித்த காம்பவுண்ட் சுவர், மறுபக்கம் சேறும் தண்ணீருமாகக் கடல். மேலே தார்ப்பாயில் மழை கொட்டுகிறது. நான் ஏணி வைத்து ஏறி, முழங்காலில் நடந்து நடந்து ஃபர்மா வெட்டினேன். வீட்டுக்காரர் கீழே படகின் மூக்குக்கு எதிரே நின்று செய்தித்தாளும் சாக்பீஸும் எடுத்துக் கொடுத்தார். மொத்தம் பத்து ஃபர்மா. இரண்டு பக்கமும் நந்நான்கு, பின்னால் இரண்டு மூலைகள். ஒரு பக்கத்துக்கு 'செவுரு 1, செவுரு 2' என்று 'செவுரு மூலை' வரைக்கும். மறுபக்கத்துக்கு 'தண்ணி 1, தண்ணி 2' என்று 'தண்ணி மூலை' வரைக்கும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். குண்டு குண்டாக எழுதி, எழுதியதைப் பார்த்துப் பெருமையும் பட்டுக்கொண்டேன். படகு நகரும் என்ற விஷயம் மட்டும் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

தசரா கழிந்த வாரம் படகு தண்ணீரில் இறங்கியது. கடலுக்கு அந்தக் கரையில் அம்மாவுக்கு ஒரு பங்களா இருக்கிறது. அங்கே அவருடைய பிறந்த நாள். மாலை நாலு மணிக்குச் சொந்தக்காரர்களோடு படகில் ஏறி, சூரியன் விழுவதைப் பார்க்கப் போகிறார்களாம். படகைக் காலையில் டாண்டேல் ஓட்டிப் போவார், நீங்களும் அதிலேயே போய் வழியில் சீட்டுகளை மாட்டிவிடுங்கள், அந்தக் கரை மரீனாவில் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார். டாண்டேல் என்றால் படகை நடத்துகிறவர். எங்களுக்கு வாய்த்தவர் மீன்பிடிக்கிற கோளி சாதிக்காரர், வாயில் எப்போதும் புகையிலை. மரீனா என்றதும் எனக்குச் சென்னையில் சுண்டல் விற்கிற கடற்கரைதான் ஞாபகம் வந்தது. கார்களுக்குப் பார்க்கிங் இருப்பதுபோல் படகுகளைக் கட்டிவைக்கிற இடம் அது என்று டாண்டேல் விளக்கினார்.

விடிந்ததும் பத்து சீட்டையும் பழைய புடவைகளில் சுற்றி டெம்போவில் ஏற்றினோம். சந்தில் எதிர்வீட்டுக்காரி, "எங்க கிளம்பிட்டிய, கப்பலுக்கா?" என்று கேட்டாள். "ஆமா, கப்பலுக்குத்தான்" என்று டெம்போ திரும்பும்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

பாவ்ச்சா தக்கா படகுத்துறையில் மீன் கூடைகளுக்கு நடுவே படகு கட்டியிருந்தது. கிளம்புவதற்கு முன்பே வெல்க்ரோ பட்டைகளை ஒட்டிவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் ஒரு பட்டை தைத்திருக்கும். அதற்கு நேராகப் படகின் பலகையில் ஒரு பட்டை ஒட்டினால்தான் அலையில் சீட் நழுவாது. சீட்டுகளின் அடியில் குத்தியிருந்த ஃபர்மாக்களைப் படித்தவள் ஒரு கணம் நின்றேன்.

"ஏங்க, செவுரு எந்தப் பக்கம் வரும்?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "ஸ்டீரிங் பக்கந்தான். நான் நின்னு பாத்தேம்லா, வலக்கைப் பக்கம்."

நான் நம்பிவிட்டேன். அவர் கீழே நின்று படகின் முகத்தைப் பார்த்தவர். படகுக்குள்ளே ஏறி முன்னால் பார்த்து நின்றால் கை மாறிவிடும் என்று எனக்கும் தோன்றவில்லை. என் கண் கடல் மேல் இருந்தது. பட்டை பட்டையாக ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, எட்டு சீட்டுக்கும் ஒட்டி முடித்தோம். பின் மூலை இரண்டும் ஈரமாக இருந்ததால் அங்கே காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

படகு கிளம்பியது. "கடல் எனக்குப் புதுசா? திருச்செந்தூர்ல முங்கி எந்திரிச்சவன்" என்று டாண்டேலுக்கும் சேர்த்து ஹிந்தியில் பெருமை பேசிக்கொண்டு வந்தவர், அரை மணி நேரத்தில் ஓரக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாந்தி. டேப் நனைந்துவிடக் கூடாதென்று கழுத்திலிருந்து உருவி, திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கம் நீட்டினார். என் கை இரண்டிலும் சீட் இருந்தது. வாங்கி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு சீட்டாக நான்தான் வைத்துக்கொண்டு வந்தேன். கருநீல ரெக்ஸின், ஓரத்தில் கயிறுபோல் உருட்டித் தைத்த வெள்ளைப் பைப்பிங். நிமிர்ந்து பார்த்தால் பின்னால் பம்பாய் முழுவதும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், இதை வெளியே நின்று பார்த்ததே இல்லை. அத்தனை உயரக் கட்டடங்களும் ஒரு சாண் அளவுக்குள் அடங்கிவிட்டன. நான் விரலை விரித்து அளந்தும் பார்த்தேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

சீட்டுகள் மட்டும் என்னை முறைத்தன. உட்காராமல் இல்லை, உட்கார்ந்தன. ஆனால் இங்கே ஒரு விரல் தூக்கல், அங்கே ஒரு விரல் இடைவெளி. ஃபோம் அமுக்கினால் அடங்குகிற சாதி, அதனால் அடங்கியது. படகு ஆடுவதால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் ஒரு முள் தைத்துவிட்டது.

பதினொரு மணிக்கு மரீனா வந்தது. அந்த இடத்தின் பேர் வேண்டாம். கருங்கல் கொட்டிக் கட்டிய சுவர், உள்ளே மிதக்கும் பலகைகள், பலகை நெடுக வெள்ளை வெள்ளையாகப் படகுகள். வாசலில் விசிலும் வாக்கி டாக்கியுமாக ஒரு செக்யூரிட்டி. எங்களைக் கண்டதும் கையை வீசினார்.

"ஜகா நஹி ஹை! பாஹர் ருக்கோ!"

இடமில்லையாம், வெளியே நிற்க வேண்டுமாம். டாண்டேல் புகையிலையைத் துப்பிவிட்டுக் கத்தினார். எங்கள் படகுக்கென்று நம்பர் போட்ட இடம் அங்கே இருந்தது. எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. அதில் வேறு ஒரு படகு நின்றது. அதற்குள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து தட்டில் என்னவோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பாஞ்ச் மினிட்" என்றார் செக்யூரிட்டி. பம்பாயில் ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

முக்கால் மணி நேரம் வெளியே வட்டமடித்தோம். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். டாண்டேல் கயிற்றை வீசி ஒரு பக்கம் கட்டியும் விட்டார். என் வீட்டுக்காரர் தரையைக் காணாத ஏக்கத்தில் ஒரு காலைப் பலகையில் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பெரிய படகு ஒன்று வாசலில் ஹாரன் அடித்தது. செக்யூரிட்டி விசில் ஊதினார். "ஹடாவ், ஹடாவ்!" எடு எடு என்கிறார். கட்டிய கயிற்றை அவரே அவிழ்த்துப் போட்டார். ஒரு கால் பலகையில், ஒரு கால் படகில், நடுவே தண்ணீர் அகன்றுகொண்டே போகிறது. நான் வீட்டுக்காரரின் பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தேன். இழுத்த கையோடு செக்யூரிட்டியைப் பார்த்து நெல்லைத் தமிழில் நாலு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. டாண்டேலுக்கு மொழி புரியவில்லை, ஆனால் திருப்தியாகத் தலையாட்டினார்.

மறுபடியும் வெளியே வந்து நங்கூரம் போட்டோம். மணி பன்னிரண்டரை. சும்மா இருப்பானேன், மூலைகளை வைத்துவிடலாம் என்று 'செவுரு மூலை'யை எடுத்து ஸ்டீரிங் பக்கத்து மூலையில் வைத்தேன். உட்காரவில்லை. அந்த மூலையில் கயிறு வைக்கிற பெட்டி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் ஏறி, சீட் நாலு விரக்கடை தூக்கிக்கொண்டு நின்றது. முழங்காலை வைத்து அமுக்கினேன். அடங்கவில்லை.

வீட்டுக்காரர் தள்ளாடி வந்து பார்த்தார். பைக்குள் கையை விட்டுப் பெரிய கத்தரியை எடுத்தார்.

"கத்தரிய வைங்க."

"ஃபோமை ஓரத்துல சீவிட்டா அடங்கிரும். மணி என்ன ஆச்சு பாத்தியா? நாலு மணிக்கு அந்த அம்மா வந்து நிக்கும்."

"சீவக் கூடாது. அளவு சரியாத்தான் இருக்கு."

"அளவு சரின்னா ஏம்ட்டி உக்கார மாட்டேங்கு?"

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விடவில்லை. பயந்துதான் போயிருந்தேன், அதை மறைக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக என் அளவு தப்பிவிட்டதோ என்று தோன்றியது. தப்பியிருந்தால் அந்த அம்மாவிடம் சொன்ன வாக்கு போச்சு. அதைவிட, இனிமேல் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் இந்த மூலை ஞாபகம் வரும். என்னால் அதோடு வாழ முடியாது.

"அஞ்சு நிமிசம் குடுங்க" என்றேன்.

சீட்டின் அடியில் குத்தியிருந்த ஃபர்மாவை எடுத்து மடியில் விரித்தேன். 'செவுரு மூலை' என்று என் குண்டு எழுத்து. செவுரு எங்கே என்று பார்க்கத் தலையைத் தூக்கினேன். முன்னால் தண்ணீர். பின்னால் தண்ணீர். அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் தண்ணீர். கடலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் செவுரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் கண்ணில் நீரும் வந்தது. இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று டாண்டேல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"ஏங்க, யார்டுல நீங்க எங்கன நின்னீங்க?"

"கீழ. படகு மூக்குக்கு நேரா."

"படகைப் பாத்தா, படகு பாக்குற பக்கம் பாத்தா?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சின்னக் குரலில், "படகைப் பாத்து" என்றார்.

நான் எழுந்து 'தண்ணி மூலை'யைத் தூக்கி வந்து, பெட்டி இருந்த மூலையில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். பெட்டியை ஒட்டிக்கொண்டு, நாலு ஓரமும் படிய, சீட் உட்கார்ந்தது. 'செவுரு மூலை' எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது. ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை. என் அளவு தப்பவில்லை. பக்கத்தை மாற்றிச் சொன்னது அவர், செவுரு என்று எழுதியது நான். ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு உயிர் வந்துவிட்டது. "அப்பாடா! மூலை ரெண்டையும் மாத்தியாச்சு. மத்த எட்டும் அப்படியே கெடக்கட்டும்."

"எட்டும் பக்கம் மாறிக் கெடக்கு."

"உக்காந்திருக்குல்லா? ஒரு விரல் முன்னப் பின்ன. யாரு பாக்கப் போறா?"

டாண்டேலும் தன் பங்குக்கு, ஒன்றும் தெரியவில்லை அண்ணி, ஃபஸ்ட் கிளாஸ் என்றார்.

"நான் பாத்துட்டேம்லா" என்றேன்.

ஒரு விரல் இழுபட்டு நிற்கிற ரெக்ஸின் ஒரு மாதத்தில் தையலைப் பிளந்துவிடும் என்று காரணமும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் பிடிவாதம் பிடித்தது அதற்காக இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். முதல் இரண்டு பேர் தைத்ததும் இப்படித்தான் 'கிட்டத்தட்ட' உட்கார்ந்திருக்கும்.

எட்டு சீட்டையும் கழற்றினோம். பலகையில் ஒட்டியிருந்த பட்டைகளைக் கத்தியால் சுரண்டினோம். டாண்டேல் ஒரு டப்பாவில் பெட்ரோல் கொடுத்தார். பழைய புடவையைக் கிழித்து, பெட்ரோலில் நனைத்துத் துடைத்தோம். மறுபடியும் அளந்து, சொல்யூஷன் தடவி, ஒட்டி, காயும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். படகு ஆடுகிறது, தெறிக்கிற உப்புத் தண்ணீர் பசையில் பட்டால் ஒட்டாது. டாண்டேல் தார்ப்பாயை விரித்துக் காற்றுப் பக்கம் மறைத்துக்கொண்டு நின்றார். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை யாரும் தொடவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றி இவ்வளவு குறை சொல்லிவிட்டேன், இதையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் நாற்றமும் கடல் ஆட்டமும் சேர்ந்து மனுஷனைப் பிழிந்து எடுத்துவிட்டது. ஓரத்துக்கு ஓடுவார், வாந்தி எடுப்பார், வாய் கொப்பளிப்பார், திரும்பி வந்து அடுத்த பட்டையை இரண்டு கட்டை விரலாலும் அமுக்குவார். "போதும், உக்காருங்க" என்று நான் சொன்னபோது, "நீ அளவைச் சொல்லு" என்றார். எனக்கு அப்போது அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை இடம் கொடுக்கவில்லையே என்று அந்த மரீனாவைச் சபித்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது உள்ளே கூப்பிட்டுவிடக் கூடாதே என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே கட்டினால் பக்கத்துப் படகு உரசும், அலை இடிக்கும், பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். சாமிகள் கேட்டன. இரண்டரை மணி வரை ஒருவரும் எங்களைச் சீண்டவில்லை.

கடைசி இரண்டு பட்டை காய்ந்துகொண்டிருக்கும்போது விசில் கேட்டது. செக்யூரிட்டி பலகையின் விளிம்புக்கே வந்து இரண்டு கையாலும் கூப்பிட்டார்.

"ஆ ஜாவ், ஆ ஜாவ்! ஜகா காலி ஹை!"

நான் டாண்டேலைப் பார்த்தேன். கையை விரித்து, இன்னும் காயவில்லை என்று காட்டினேன். அவர் புகையிலை வாயோடு மெதுவாகச் சிரித்தார். காலையிலிருந்து அவர் இதற்காகத்தான் காத்திருந்தார் போல. கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"பாஞ்ச் மினிட் ருக்கோ!"

ஐந்து நிமிடம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டது இருபத்தைந்து நிமிடம். செக்யூரிட்டி இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, வருகிற படகுகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். பத்து சீட்டும் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் உள்ளே போனோம்.

நாலு மணிக்கு அந்த அம்மா வந்தார். பின்னால் ஒரு கும்பல், பட்டுப் புடவையும் கேக் பெட்டியுமாக. வழக்கமாக என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஓரமாக ஒதுங்கிக் குனிந்து பையைக் கட்ட ஆரம்பித்தேன். அந்த அம்மா யாரையும் படகில் ஏறவிடாமல், தான் மட்டும் ஏறினார். நேராகப் பின் மூலைக்குப் போனார். முந்தைய இரண்டு பேரும் கோட்டைவிட்டது அங்கேதான் போலிருக்கிறது. உட்கார்ந்து பார்த்தார். எழுந்து, பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். நகம்கூடப் போகவில்லை. பக்கத்துச் சீட்டுகளில் வெள்ளைப் பைப்பிங் ஒரே கோடாக முன்னால் வரைக்கும் ஓடுவதைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பினார்.

வீட்டுக்காரர் பக்கம் போகவில்லை. என் முன்னால் வந்து நின்று, "நாப் ஆப்னே லியா?" என்றார். அளவு நீங்கள் எடுத்ததா என்று கேட்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? பிறகுதான் உறைத்தது, டேப் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் என் கண் வீட்டுக்காரரைத் தேடியது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு என்பதுபோல் மோவாயை ஆட்டினார்.

"ஹாம். மைனே" என்றேன். ஆமாம், நான்தான். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்குப் பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் விரலெல்லாம் சொல்யூஷன் கறை. அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் விடவில்லை. அப்போது என் வீட்டுக்காரர் யாரும் கேட்காமலே ஹிந்தியில் சொன்னார்: "நான் மத்தியானம் இதை வெட்டப் போனேன் மேடம். இவள்தான் கத்தரியைப் பிடுங்கினாள்." அவர் அப்படிப் பொதுவில் சொல்லுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்களை இறக்கிவிட்டுப் படகு கிளம்பியது. இருபது பேர் எங்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டினார்கள். பலகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். செக்யூரிட்டி பக்கத்தில் வந்தார். காலையில் பார்த்த ஆளே இல்லை, மரியாதையாக, "போட் ஆப்கா ஹை?", படகு உங்களுடையதா என்றார்.

வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "போட் உன்கா. சீட் மேரா." படகு அவர்களுடையது, சீட் என்னுடையது.

வீட்டுக்குப் பொது லாஞ்சில் திரும்பினோம். கூட்டம். பிளாஸ்டிக் சீட். முன் வரிசையில் ரெக்ஸின் கிழிந்து ஃபோம் எட்டிப் பார்த்தது. என் கை தானாக அங்கே போய்க் கிழிசலைச் சாண் வைத்து அளந்தது. வீட்டுக்காரருக்குத் திரும்பும்போது வயிறு புரட்டவில்லை. இரண்டு பேரும் பசியில் புளிச்சோற்றை வழித்துச் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்தவர், வழக்கம்போல் கழுத்தைத் தடவினார். டேப் இல்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார், பையைத் துழாவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

நான் கழற்றிக் கொடுக்கப் போனேன்.

"கெடக்கட்டும்" என்றார். "இனிமே அங்கனயே கெடக்கட்டும்."